பூட்டை உடைப்பதில்லை, சாவியோடு வருகிறார்கள்: உங்கள் அலுவலகம் சைபர் தாக்குதலுக்குத் தயாரா?

வெள்ளிக்கிழமை மாலை 5.40 மணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருப்பவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு மெயில். மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு மெஷின் சப்ளையரிடமிருந்துதான். பழைய மெயில்கள் எல்லாம் கீழே வரிசையாக இருக்கின்றன. “எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது. மீதித் தொகையை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள். இன்றே அனுப்பினால்தான் திங்கள்கிழமை மெஷின் கப்பலேறும்.”

“சரி, அனுப்பிட்டுக் கிளம்பிடலாம்” என்று நினைத்தால் முடிந்தது கதை.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆனால் உலகம் முழுக்க நிறுவனங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த மாதிரித்தான். ‘பிசினஸ் இமெயில் காம்ப்ரமைஸ்’ என்று இதற்குப் பெயர். யாரோ ஒருவருடைய மெயில் பெட்டிக்குள் புகுந்து, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துவிட்டு, பணம் கைமாறும் நேரத்தில் மட்டும் உள்ளே நுழைவார்கள். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஆங்கில ‘எம்’ வரவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால், மொபைல் திரையில் வித்தியாசமே தெரியாது.

ஹேக்கர் என்றதும் கறுப்புத் திரை, பச்சை எழுத்து, படபடவென்று டைப் செய்யும் ஒரு ஆள் என்று சினிமா நமக்கு ஒரு படத்தைப் பதியவைத்திருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய தாக்குதல்களைப் பார்த்தால் அந்தப் படம் பொருந்தவே இல்லை. பலவற்றில் ஹேக்கர் எதையும் உடைக்கவில்லை. சரியான பாஸ்வேர்டைப் போட்டு, முன்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்.

எப்படி உள்ளே வருகிறார்கள்?

மூன்று சம்பவங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, பிரிட்டனின் நார்த்தாம்ப்டன்ஷயரில் இருந்த கே.என்.பி என்ற லாரி போக்குவரத்து நிறுவனம். 158 வருடப் பாரம்பரியம், சுமார் 500 லாரிகள். 2023-ல் அகிரா என்ற கும்பல் உள்ளே புகுந்தது. ஒரு ஊழியரின் எளிதான பாஸ்வேர்டை ஊகித்துதான் நுழைந்தார்கள் என்று கருதப்படுகிறது. எல்லா ஃபைல்களையும் பூட்டிவிட்டு பணம் கேட்டார்கள். நிறுவனத்திடம் அவ்வளவு பணம் இல்லை. டேட்டா மொத்தமும் போனது. சில மாதங்களில் கம்பெனியே மூடப்பட்டு, ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள்.

இரண்டாவது, 2025 ஏப்ரலில் பிரிட்டனின் புகழ்பெற்ற மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள். தாக்கியவர்கள் வேறொருவராக நடித்து, மூன்றாம் தரப்பு ஒன்றின் மூலமாக உள்ளே வந்தார்கள் என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இந்த மாதிரி ஆட்களின் வழக்கமான உத்தி ரொம்பச் சாதாரணமானது. ஐ.டி ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் பண்ணி, “நான் இன்னார் பேசறேன், பாஸ்வேர்ட் மறந்துடுச்சு, கொஞ்சம் ரீசெட் பண்ணித் தர முடியுமா?” என்று கேட்பது. உதவி செய்வதுதான் ஹெல்ப்டெஸ்க்கின் வேலை. அந்த நல்ல குணத்தைத்தான் ஆயுதமாக்குகிறார்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் ஆன்லைன் விற்பனை ஒன்றரை மாதம் நின்றது. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு பாதிப்பு வரும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. நம் பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது. 2024 தொடக்கத்தில், அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியருக்கு, லண்டன் நிதி அதிகாரி பெயரில் ஒரு தகவல் வந்தது. ரகசியமாக ஒரு பணப் பரிமாற்றம் செய்ய வேண்டுமாம். அவருக்குச் சந்தேகம் வந்தது. சரியான சந்தேகம்தான். ஆனால் அடுத்து ஒரு வீடியோ கால். அதில் அந்த நிதி அதிகாரி இருந்தார், தெரிந்த சக ஊழியர்களும் இருந்தார்கள். சந்தேகம் தீர்ந்து, 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். ரூபாயில் 200 கோடிக்கு மேல். அந்த காலில் இருந்தவர்கள் எல்லோருமே டீப்ஃபேக். இவர் ஒருவர் மட்டும்தான் நிஜம்.

மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? ஃபயர்வால் வாங்கியிருந்தால் மட்டும் தடுத்திருக்க முடியாது. ஒரு மனிதர், நம்பத்தகுந்த மாதிரி தெரிந்த ஒன்றை நம்பினார்; அல்லது ஒரு பாஸ்வேர்ட் எளிதாக இருந்தது. அவ்வளவுதான்.

“நம்ம கம்பெனி சின்னது, நம்மளை யார் பண்ணப் போறாங்க?”

அடிக்கடி கேட்கும் வசனம் இது. இரண்டு காரணங்களால் இது தப்பு.

ஒன்று, ஹேக்கர்களுக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதே இல்லை. இணையத்தில் கதவு திறந்திருக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடுவது தானியங்கி மென்பொருள். எந்தத் தெருவில் எந்த வீடு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் அது யார் வீடு என்று விசாரிப்பார்கள்.

இரண்டு, நீங்கள் சின்னவராக இருக்கலாம். நீங்கள் யாருக்கு வேலை செய்கிறீர்களோ அவர் பெரியவர். 2024 ஜூலை கடைசியில் இந்தியாவில் சுமார் 300 கூட்டுறவு, கிராமப்புற வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யு.பி.ஐ கூடப் பயன்படுத்த முடியாமல் போனது. அந்த வங்கிகளை யாரும் நேரடியாகத் தாக்கவில்லை. அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் நுழைந்திருந்தது. தொற்று பரவாமல் இருக்க, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் அந்த நிறுவனத்தைத் தற்காலிகமாகத் துண்டித்தது. விளைவாக, எங்கோ ஒரு கிராமத்தில் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை.

திசை மாறியும் நடக்கும். 2025 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டபோது, கார் உற்பத்தி சுமார் ஐந்து வாரம் நின்றது. பிரிட்டன் பொருளாதாரத்துக்கு 190 கோடி பவுண்டு இழப்பு, 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பாதிப்பு என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அதில் நட்டு போல்ட்டு செய்து தரும் சின்னப் பட்டறைகளும் உண்டு. அவர்கள் சிஸ்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆர்டர்தான் வரவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்கள் நடந்தன. மொத்தம் 20 லட்சம் டாலருக்கு அருகில்.

ரான்சம்வேர்: பணம் கொடுத்தா வேலை முடிஞ்சுதா?

ரான்சம்வேர் என்பது உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை கேட்கும் மென்பொருள். முன்பெல்லாம் பூட்டுவதோடு நின்றது. இப்போது பூட்டுவதற்கு முன்பே டேட்டாவை நகலெடுத்துக்கொள்கிறார்கள். “பேக்கப் இருக்கு, பணம் தர மாட்டோம்” என்று சொன்னால், “அப்போ வாடிக்கையாளர் விவரத்தை எல்லாம் வெளியிட்டுடுவோம்” என்கிறார்கள்.

பணம் கொடுத்தால் பிரச்சினை தீருமா? 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைக் கையாளும் பெரிய நிறுவனம். இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரே ஒரு லாகின் பக்கம் வழியாக உள்ளே புகுந்தார்கள். நிறுவனம் 2.2 கோடி டாலர் கொடுத்தது. பணத்தை வாங்கிய கும்பலின் தலைகள், தாக்குதலை நடத்திய கூட்டாளிக்கே பங்கு தராமல் காணாமல் போனார்கள். கொஞ்ச நாளில் வேறொரு கும்பல் “டேட்டா எங்ககிட்ட இருக்கு” என்று மறுபடி மிரட்டியது. கடைசியில் 19 கோடிப் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டன.

அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021 மே மாதம் 75 பிட்காயின் கொடுத்து சாவி வாங்கியது. அந்தச் சாவி அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால், சொந்த பேக்கப்பை வைத்தே மீட்பு வேலையைத் தொடர வேண்டியிருந்தது.

சரி, நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் செலவு செய்யும் முன், இந்த ஆறையும் சரிபாருங்கள். பாதிக்கு மேல் இலவசம்.

*1. பணம் என்றால் திரும்ப போன் பண்ணு*

வங்கிக் கணக்கு மாற்றம், அவசரப் பணப் பரிமாற்றம் எதுவாக இருந்தாலும், மெயிலில் இருக்கும் எண்ணுக்கு இல்லாமல், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு பேர் ஒப்புதல் கட்டாயம். அரூப் ஊழியர் வீடியோ காலைத் துண்டித்துவிட்டு, தனக்குத் தெரிந்த எண்ணில் லண்டனைக் கூப்பிட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். முக்கியமான விஷயம், இந்த விதி முதலாளிக்கும் பொருந்த வேண்டும். “நான்தான்யா பேசறேன், அனுப்பு” என்று எம்.டி சொன்னாலும், “சார், ஒரு நிமிஷம், திரும்பக் கூப்பிடறேன்” என்று சொல்லும் உரிமை அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்கு வேண்டும்.

*2. பாஸ்வேர்ட் மட்டும் போதாது*

மெயில், வி.பி.என், நிர்வாகக் கணக்குகள் மூன்றிலும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கொலோனியல் பைப்லைனில் அது இல்லாத ஒரு பழைய வி.பி.என் கணக்குதான் வாசலாக இருந்தது. எஸ்.எம்.எஸ் ஓ.டி.பி-யைவிட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. அதைவிட பாஸ்கீ நல்லது. ஒரு எச்சரிக்கை: 2022-ல் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ‘அனுமதிக்கவா?’ என்று நோட்டிஃபிகேஷன் போனது. ஒருகட்டத்தில் ஒன்றை அனுமதித்துவிட்டார். நீங்கள் லாகின் செய்யாதபோது அனுமதி கேட்டு வந்தால், தொல்லை விட்டால் போதும் என்று அழுத்தாமல், உடனே ஐ.டி-க்குச் சொல்லுங்கள்.

*3. ஆள் போனால் கணக்கும் போகணும்*

வேலையை விட்டுப் போனவரின் மெயில், பழைய வெண்டரின் லாகின், யாரோ டெஸ்டிங்குக்கு உருவாக்கிய கணக்கு. இவை எல்லாம் சாவி தொங்கும் கதவுகள். கடைசி நாளில் ஐ.டி கார்டை வாங்குகிற ஹெச்.ஆர், அதே நாளில் லாகினையும் மூடச் சொல்ல வேண்டும்.

*4. பேக்கப் தனியாக இருக்கணும், வேலையும் செய்யணும்*

2017 ஜூனில் நாட்பெட்யா தாக்குதலில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்தும் முனையமும் நின்றது. உலகம் முழுக்க இருந்த அதன் முக்கிய சர்வர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்ததால், எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது. அது கானா நாட்டில் இருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரன்ட் கட்! அந்த ஒரு சர்வரில் இருந்த டேட்டாவை வைத்துத்தான் மறுபடி எழுந்தார்கள்.

எல்லோருக்கும் கானா கரன்ட் கட் வாய்க்காது. ஆகவே ஒரு நகலையாவது நெட்வொர்க்கோடு இணைக்காமல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து நிஜமாகவே மீட்டெடுத்துப் பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப், எக்ஸ்பயரி தேதி பார்க்காத தீயணைப்பான் மாதிரி.

*5. உள்ளே சுவர் வையுங்கள்*

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. ஓ.பி சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை இரண்டு வாரம் பேப்பரும் பேனாவும்தான். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து நோயாளிகளின் தகவல்கள் மீட்கப்பட்டன.

இதற்கு மறுபக்கம் கூடங்குளம். 2019-ல் அங்கே நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது. உலை சார்ந்த உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு இல்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. வரவேற்பறை கம்ப்யூட்டரில் இருந்து சம்பளப் பட்டியல் சர்வருக்குப் போக முடிகிறதா? உங்கள் ஐ.டி ஆளிடம் இன்றே கேளுங்கள்.

*6. லீவு நாளுக்கு ஒரு ஆள்*

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளை வியாழக்கிழமை இரவு தொடங்கியது. அங்கே வெள்ளி விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. அந்த இடைவெளியில் 8.1 கோடி டாலர் போனது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மட்டும், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் மாட்டிக்கொண்டு நின்றது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குப் பிரச்சினை வெடித்தது ஈஸ்டர் வார இறுதியில். பொங்கல், தீபாவளி விடுமுறையில் உங்கள் அலுவலகத்தில் எச்சரிக்கை மணி அடித்தால், யார் போனை எடுப்பார்?

நடந்துவிட்டால்? முதல் சில மணி நேரம்

பதற்றத்தில் எல்லோரும் செய்யும் முதல் காரியம் கம்ப்யூட்டரை ஆஃப் செய்வது. முடிந்தவரை அதைத் தவிர்த்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். ஆஃப் செய்தால் மெமரியில் இருக்கும் தடயங்கள் அழிந்துவிடும்.

பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

சட்டக் கடமையும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அடுத்து, 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். “வெளியே தெரியாம பார்த்துக்கலாம்” என்ற பழைய பழக்கத்துக்கு இனி விலை அதிகம்.

இதையெல்லாம் ஒரே ஒரு பேப்பரில் எழுதி, பிரின்ட் எடுத்து ஒட்டுங்கள். யாரைக் கூப்பிட வேண்டும், எந்த எண், யார் முடிவெடுப்பார் என்று. பிரின்ட் ஏன் என்றால், அந்த ஃபைலும் பூட்டப்பட்ட சர்வரில்தான் இருக்கும்.

திட்டினால் யாரும் சொல்ல மாட்டார்கள்

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஐ.டி குழு ஒரு போலி ஃபிஷிங் மெயில் அனுப்பி எல்லோரையும் சோதித்தது. ‘உங்கள் இன்க்ரிமென்ட் கடிதம்’ என்று தலைப்பு. நான் கிளிக் செய்துவிட்டேன். சைபர் மோசடி பற்றி அதே வாரம் ஒரு கட்டுரை எழுதியிருந்தவன் நான். அடுத்த நாள், கிளிக் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லோருக்கும் மெயிலில் வந்தது. சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு முடிவு எடுத்தேன்: இனிமேல் நிஜமாகவே தப்பாக எதையாவது கிளிக் செய்தால், யாரிடமும் சொல்லக் கூடாது.

நிறுவனத்துக்கு இதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. தாக்குதல் தொடங்கியது முதலில் தெரிவது கிளிக் செய்தவருக்குத்தான். அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னால் ஒரு லேப்டாப்போடு போய்விடும். பயந்துகொண்டு திங்கள்கிழமை வரை மறைத்தால் கம்பெனியே போகலாம். தப்பு செய்ததும் தைரியமாகச் சொன்னவரைப் பாராட்டும் அலுவலகம், பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்று சொல்லலாம்.

மீதிப் பாதி, அடிப்படை வேலைகளில் இருக்கிறது. கே.என்.பி நிறுவனத்துக்கே திரும்ப வருவோம். ‘உங்கள் பாஸ்வேர்ட்தான் காரணமாக இருந்திருக்கலாம்’ என்பதை அந்த ஊழியரிடம் சொல்லவே இல்லை என்று அதன் இயக்குநர் பின்னாளில் பேட்டியில் தெரிவித்தார். 700 பேரின் வேலையை ஒருவர் தலையில் சுமத்த அவருக்கு மனம் வரவில்லை போலும். உண்மையில் சுமத்தவும் கூடாது. ஒரே ஒரு பாஸ்வேர்ட் விழுந்ததும் மொத்த நிறுவனமும் விழும்படி ஒரு அமைப்பு இருந்தால், அது பாஸ்வேர்ட் வைத்தவரின் தவறு மட்டும் ஆகாது.

இன்று வெள்ளிக்கிழமையாக இருந்தால், கிளம்பும் முன் இரண்டு விஷயம் கேட்டுவிட்டுப் போங்கள். நம் பேக்கப்பைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? பணம் அனுப்பும் முன் திரும்ப போன் பண்ணுகிறோமா? பதில் சொல்ல ஆள் இல்லை என்றால், திங்கள்கிழமை காலை முதல் மீட்டிங் எதைப் பற்றி என்று முடிவாகிவிட்டது.